இந்தத் தடவை ஒரேயடியாக

உட்காரும்மா, தாராளமா உட்காரு. ஜன்னல் பக்கத்தை மட்டும் கேக்காதே, அது எனக்கு வேணும். கையில என்ன, எலுமிச்சம்பழமா? வளைவுல தலை சுத்துமோ? மேட்டுப்பாளையம் வரைக்கும் அதை மோந்துக்கிட்டே வரப்போறியா? சரி, மோந்துக்க. எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. பாதி ஆயுசு ஏரோபிளேன்ல போனவ நான். எங்க ஊர்ல யாரும் பழத்தைக் கையில வச்சுக்கிட்டு பஸ் ஏற மாட்டாங்க.

எங்க ஊருன்னா லெஸ்டர். இங்கிலாந்து. லண்டன் இல்ல, தனி ஊரு. இங்க எல்லாருக்கும் இங்கிலாந்துன்னா லண்டன், வெள்ளைக்காரன்னா துரை. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நான் பாளையங்கோட்டையில நர்ஸ் படிச்சு முடிச்ச கையோட அங்க போனவ. கூப்பிட்டதாலதான் போனேன், தெரியுமா? அவங்களா கடுதாசி போட்டு, டிக்கெட் அனுப்பி, வாம்மான்னு கூப்பிட்டாங்க. இப்பப் போறவங்க மாதிரி நானாப் போய் நிக்கல.

அதோ முன்னால, டிரைவருக்குப் பின் சீட்ல, பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்கறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். என் பக்கத்துல உட்கார மாட்டார். லெஸ்டர்ல பஸ் ஓட்டினவரு. இன்னொருத்தன் ஸ்டியரிங் திருப்பறதைப் பாக்கறதுன்னா அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். டாக்ஸி வச்சுக்கலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்கிற ரெண்டு பேரு கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு கவர்மெண்ட் பஸ்லயா போறதுன்னு கேட்டேன். "பஸ்லயே போவோம் கிருபா, புர்லியார்ல ஒரு டீ குடிச்ச மாதிரி இருக்கும்"னு சொன்னாரு. டீக்காக பஸ்ஸு. அவர் புத்தி அப்படி.

ஆமா, லெஸ்டருக்குத்தான். இந்தத் தடவை ஒரேயடியாப் போறோம்.

ஏன்னா கேக்கற? மனுஷன் இருக்கற ஊரா இது? கோவிச்சுக்காதே, உன் ஊரைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். மார்ச் மாசம் கீசர் போச்சு. பாத்ரூம் கீசர். கரண்ட்காரன் வந்து பாத்தான், காயில் எரிஞ்சிருச்சும்மா, நாளைக்குக் கொண்டாந்து மாட்டிடறேன்னான். இப்ப என்ன மாசம்? ஜூலை. குன்னூர் குளிர்ல, இந்த மழையில, நான் கேஸ் அடுப்புல தண்ணி காய வச்சு வாளியில தூக்கிட்டுப் போய்க் குளிக்கறேன். அவனைக் கடைவீதியில பாத்தா, "நாளைக்கு வர்றேம்மா"ங்கறான். முகத்துல ஒரு வெக்கம் கிடையாது. லெஸ்டர்ல ஒரு தடவை பாய்லர் கெட்டுப் போச்சு. ஐஞ்சு வாரம் ஆச்சு சரி பண்ண, குளிர்காலம் வேற. ஆனா மன்னிப்புக் கேட்டு கடுதாசி வந்துச்சும்மா. ரெண்டு கடுதாசி. அங்க அப்படி மரியாதை.

ஆங், பாரு, பாரு, இந்தப் பக்கம். அந்த மஞ்சள் கேட் தெரியுதா, ரோட்டு ஓரமா? போயிருச்சு. அது கிளைவ் மோரீன் வீடு. திரும்பிப் பாக்காதே. வாசல்ல நின்னாலும் நிப்பா மோரீன், யாரு போறா யாரு வர்றான்னு பாத்துக்கிட்டு. நாம போறதை அவ பாக்கட்டும், நாம அவளைப் பாக்க வேண்டாம்.

குன்னூர்ல எத்தனை வெள்ளைக்காரங்க வீடு எடுத்துத் தங்கியிருக்காங்க தெரியுமா? டூரிஸ்டைச் சொல்லல. ஏழெட்டுப் பேர் தேறும். அதுல பெரிய அலட்டல் இந்த ஜோடிதான். கிளைவ் அங்க என்ன வேலை பாத்தான்னு நினைக்கற? ஒரு சின்ன ஊரு முனிசிபாலிட்டியில, தப்பா நிறுத்தின காருக்குச் சீட்டு ஒட்டுறவன். அவ்வளவுதான். இங்க வந்ததும் தொப்பி என்ன, கைத்தடி என்ன. தோட்டக்காரன் "துரை"ன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கறான். அங்க அவனை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே பெரிசு. வருஷக்கணக்கா இங்க இருக்கான், தமிழ்ல ஒரு வார்த்தை வராது. "போதும்"னு ஒண்ணு தெரியும், அதையும் சோறு போடும்போது சொல்ல மாட்டான், பிச்சைக்காரன் வந்தா சொல்லுவான். விசாவுக்காக அப்பப்ப கொழும்புக்கு ஓடிட்டு ஓடிட்டு வர்றான். வந்து, "அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டோம்"பான். எது வீடு? மறுநாளே ஆரம்பிச்சுருவான், எங்க ஊர்ல இப்படி இல்லன்னு.

வியாழக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்ல கூட்டம். டீயும் கேக்கும். நாங்களும் போவோம், நாங்களும் பிரிட்டிஷ்தானே. அங்க என்ன பேச்சு நடக்கும்னு நினைக்கற? குறை. வந்ததுல இருந்து கிளம்பற வரைக்கும் குறை. கரண்ட் போச்சு, ஹாரன் சத்தம், நாய் குரைக்குது, கோயில்ல மைக் போடறான், ரொட்டி இனிக்குது, சீஸ்ல ருசியே இல்ல. சரி, ஒருத்தன் அப்படிச் சொன்னா இன்னொருத்தன் "அப்ப ஊருக்குப் போயிரலாமே"ன்னு கேக்கணுமில்ல? கேட்டா அவ்வளவுதான். எல்லாம் சேர்ந்து அந்த ஊரைத் திட்ட ஆரம்பிச்சுரும். மழை, வரி, ஆஸ்பத்திரியில டாக்டரைப் பாக்க மூணு வாரம், இளசுங்களுக்கு மரியாதை தெரியல. இங்க இருந்தா அங்க நல்லாருக்கு, அங்கன்னு நினைச்சா இங்க நல்லாருக்கு. இப்படி ஒரு ஜாதியை நான் பாத்ததே இல்லம்மா. ஒரு இடத்துல மனசு நிக்க வேண்டாம்?

அந்த டீயைக் கேளு. ஜன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம். கையை நீட்டினா இலையைப் பறிக்கலாம். அந்த வீட்ல டீ எங்கிருந்து வருது? இங்கிலாந்துல இருந்து. பெட்டி பெட்டியா, காகிதப் பையில போட்ட தூளு. இங்க பறிச்சது கப்பலேறிப் போய், அங்க பைக்குள்ள புகுந்து, மோரீனோட பெட்டியில திரும்பக் குன்னூருக்கு வருது. அதைக் குடிச்சுட்டு கண்ணை மூடிக்கிட்டு, "ஆஹா, இதுதான் டீ"ம்பா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

நான் அப்படிக் கிடையாது. லெஸ்டர்ல இருந்து நான் கொண்டு வர்றது பிஸ்கட்டு, தலைவலி மாத்திரை, டாய்லெட் பேப்பர், அவ்வளவுதான். இங்கயும் கிடைக்குது, ஆனா அந்த மெது இல்ல. அங்க இருந்தப்ப பாளையங்கோட்டையில இருந்து காப்பிப்பொடி, கருப்பட்டி, மோர் மிளகாய், புளி எல்லாம் வரவழைப்பேன். புளி அங்க எல்லாக் கடையிலயும் கிடைக்கும், ஆனா நம்ம ஊருப் புளி மாதிரி வருமா? அது ருசிக்கு. மோரீனோடது திமிருக்கு. ரெண்டும் ஒண்ணாயிருமா?

ஒரு வியாழக்கிழமை கிளைவ் சொன்னான், நான் ஏன் ஊரை விட்டு வந்தேன் தெரியுமான்னு. பஸ் ஏறினா இங்கிலீஷ் காதுல விழறதில்லயாம். கண்ட கண்ட நாட்டுக்காரனும் வந்து நிறைஞ்சுட்டானாம். வந்தவன் அந்த ஊர் பாஷையைக் கத்துக்கறதில்ல, தனித்தனியாக் கூட்டம் போட்டுக்கிட்டு, தன் ஊர்ச் சாப்பாட்டைத் தின்னுக்கிட்டு, தன் ஊர்ப் பெருமையே பேசிக்கிட்டு இருக்கானாம். குன்னூர்ல உட்கார்ந்துக்கிட்டு, காகிதப் பை டீயைக் குடிச்சுக்கிட்டு இதைச் சொல்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனா ஒண்ணு சொல்லணும். அவன் சொன்னதுல உண்மை இல்லாம இல்ல. எங்களுக்கு அப்புறம் வந்தாங்க பாரு, அவங்களாலதான் அந்த ஊரு கெட்டுச்சு. எங்க தெருவுல யாரு யாரோ. வாசல்ல செருப்பைக் குவிச்சுப் போட்டுக்கிட்டு, சாயங்காலமானா சத்தமாப் பேசிக்கிட்டு. நானும் தலையாட்டினேன். உடனே கிளைவ் என் கையைத் தொட்டு, "உன்னைச் சொல்லல கிருபா, நீ எங்கள்ல ஒருத்தி"ன்னான். அந்த வார்த்தையை நான் அங்க வேலை பாத்த காலம் முழுக்க ஒருத்தர் வாயிலயும் கேக்கல. குன்னூர்ல வந்து கேட்டேன். மனசுக்கு எவ்வளவோ நிறைவா இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணாரு தெரியுமா? கப்பைக் கீழ வச்சாரு, எழுந்தாரு, போயிட்டாரு. எனக்கு அவமானமாப் போச்சு. தலைவலி அவருக்குன்னு சமாளிச்சேன். அதுக்கப்புறம் வியாழக்கிழமைன்னா வர்றதே இல்ல. "நீ போயிட்டு வா, இருக்கட்டும்"பாரு. எதுக்கெடுத்தாலும் அவருக்கு "இருக்கட்டும்"தான்.

வேற எங்க போவாரு? பஸ் ஸ்டாண்டுக்கு. பெஞ்சுல உட்கார்ந்து டிரைவருங்களோட பேச்சு. எந்த வண்டி பிரேக் பிடிக்கல, எந்த வளைவுல எப்படித் திருப்பணும். அவங்க "லண்டன் அண்ணே"ன்னு கூப்பிட்டாங்களாம், இவரு திருத்தித் திருத்தி இப்ப "லெஸ்டர் அண்ணே"ங்கறாங்களாம். அதை வீட்ல வந்து சொல்லி ஒரு சிரிப்பு. மத்தியானம் கேரம். சாயங்காலம் எவனோ ஒரு கண்டக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் காதுகுத்து, எவனோ ஒருத்தன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி. எதுல பாத்தாலும் இவரு முன்னால. என் புருஷன் அங்க எவ்வளவு மரியாதையா இருந்தவரு தெரியுமா? ரிட்டயர் ஆனப்புறம் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துருவாரு. தெருமுனையில பஸ் திரும்பறதைப் பாப்பாரு. ரெண்டு நாள், மூணு நாள் ஆனாலும் ஒரு சத்தம் கிடையாது. அப்படி ஒரு அமைதி. இங்க வந்துதான் வாயாடி ஆயிட்டாரு. அதுக்காகத்தான் முக்கியமா நான் கிளம்பறேன்னு வச்சுக்கயேன். அவரைப் பழையபடி ஆக்கணும்.

மோரீன் கதையைச் சொல்லல பாரு. போன வருஷம் ஒரு வியாழக்கிழமை ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னாங்க. நாங்க ஊருக்குப் போறோம், ஒரேயடியாப் போறோம்னாங்க. பேத்தி ஞாபகம் வந்துருச்சாம், நல்ல ரொட்டி ஞாபகம் வந்துருச்சாம். எல்லாரும் "ஆ, எவ்வளவு தைரியம்"னு கை தட்டினாங்க. சொந்த ஊருக்குப் போறதுக்கு என்ன தைரியம்?

அவங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் ஊரை விட்டுப் போனா வழியனுப்பு விருந்து. ஒரு பெரிய அட்டையில எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். போறவங்க வீட்டுச் சாமானை எல்லாம் மேஜையில பரப்பி, வந்தவங்களுக்குக் கொடுத்துருவாங்க. அவங்கவங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம். நான் கரண்ட் கெட்டிலையும், டீப்பாட்டுக்கு மாட்டற கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கிட்டேன். ஆமாம்மா, அவங்க டீப்பாட்டுக்குச் சட்டை போடுவாங்க. தோட்டக்காரனுக்குக் குளிருக்குச் சட்டை இல்ல, அது வேற விஷயம்.

போனாங்களா? நாலு மாசம். நாலே மாசத்துல திரும்பி வந்து நிக்கறாங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு அதே மஞ்சள் கேட்ல. "அங்க எல்லாம் மாறிருச்சு கிருபா, யாரும் யாரோடயும் பேசறதில்ல"ன்னு மோரீன் அழறா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். உன் ஊருதானே, உன் மக்கள்தானே?

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வந்துட்டாங்க, சாமான் வேணுமே. கொடுத்ததைத் திருப்பிக் கேக்க வெக்கம். அவங்க எதையும் நேராக் கேக்க மாட்டாங்க. மோரீன் வீடு வீடாப் போனா. என் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையை எட்டிப் பாத்துட்டு, "அந்தக் கெட்டில் உனக்கு இன்னும் உபயோகமா இருக்கா கிருபா?"ன்னா. எனக்கா புரியாது? அவங்களோடயே பழகினவ நான். "ரொம்ப உபயோகமா இருக்கு மோரீன், தினமும் உன்னை நினைச்சுக்கறேன்"னு சொல்லி அதே கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சா. என்ன பண்ணுவா? மூஞ்சியைப் பாக்கணுமே.

மறுநாள் எங்க வீட்டுக்காரர் கெட்டிலைத் துடைச்சு, கம்பளிச் சட்டையோட ஒரு பையில போட்டுத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டு வந்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. "அவங்களுக்கு வேணும்ல, பாவம், இருக்கட்டும்"னாரு. யாரு பாவம்? மானம் ரோஷம் உள்ளவங்க, ஒரேயடியாப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பி வருவாங்களா? நானா இருந்தா அந்தக் கேட் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன். இதை வியாழக்கிழமையில மத்தவங்க காதுபடவே சொல்லியிருக்கேன். மோரீனுக்கும் காதுல விழுந்திருக்கும். விழட்டும்.

எங்களைக் கேக்கறியா? நாங்களும் வந்து போய்த்தான் இருக்கோம், இல்லங்கல. அவர் ரிட்டயர் ஆகிச் சில வருஷம் கழிச்சு ஒரேயடியா வந்துட்டோம், குன்னூர்ல வீடு வாங்கினோம். என் முட்டிக்குக் குளிர் ஒத்துக்கல, திரும்பப் போனோம். அங்க போனா பக்கத்து வீட்டு ஹன்சாபென் மகன் வீட்டோட போயிட்டா, தெருவே வேற தெரு ஆயிருச்சு. சரின்னு ஒரேயடியா இங்கயே வந்தோம். அப்ப இங்க தண்ணிக் கஷ்டம், போனோம். அதுக்கப்புறம் சர்ச்சுல பாஸ்டர் மாறி ஏதோ மனஸ்தாபம், வந்தோம். ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு பாத்தியா? மோரீன் மாதிரி ரொட்டிக்காகப் போய், அழுதுக்கிட்டு வந்ததில்ல. மெல்போர்ன்ல இருக்கற என் பொண்ணு போன் பண்ணினா, "அம்மா, எங்கயாவது ஒரு இடத்துல இருங்களேன்"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும்? அவ நம்ம ஊரைப் பாத்ததே லீவுலதான்.

போன வாரம் நானும் விருந்து வச்சேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? சாமானை எல்லாம் மேஜையில பரப்பினேன். நல்ல சாமானும்மா. குக்கர், போர்வை, ஹீட்டர், பீங்கான் தட்டு. ஒருத்தராவது எடுத்துக்கணுமே. சுத்திச் சுத்திப் பாத்தாங்க, கேக்கைத் தின்னாங்க. மோரீன் பீங்கான் தட்டை எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு, "நீ திரும்பி வர்ற வரைக்கும் நான் பத்திரமா வச்சிருக்கேன் கிருபா"ன்னா. திரும்பி வர்ற வரைக்குமாம். பக்கத்து வீட்டு லீலா பூந்தொட்டியை மட்டும் எடுத்துக்கிட்டு, "வந்ததும் வாங்கிக்கங்கக்கா, தண்ணி ஊத்தி வைக்கறேன்"ங்கறா. அட்டையில கிளைவ் என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "சீக்கிரம் பாப்போம்." இது எவ்வளவு பெரிய அவமரியாதை, சொல்லு. நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா, லீவு முடிஞ்சதும் திரும்பி வர்றதுக்கு? எல்லார் முன்னாலயும் சொன்னேன். இந்தக் கிருபாவதி இனிமே குன்னூர்ல கால் வைக்க மாட்டா, நான் மோரீன் இல்லன்னு சொன்னேன். ஆளாளுக்கு இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கிட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் மேஜையில ஒரு சாமானும் வைக்கல. கேரம் போர்டு, மழை பூட்ஸ், கம்பளி எல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு. அதையும் யாருக்காவது கொடுத்துருங்கன்னேன். "இருக்கட்டும்"னாரு. பாரேன், பெட்டிகூட என்னோடது ரெண்டுதான் பின்னால கிடக்கு. அவருக்கு ஒரு தோள்பை. சட்டையெல்லாம் அங்க இருக்காம். டிக்கெட்டும் அவர்தான் போட்டாரு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற டிராவல்ஸ்காரன்கிட்ட. காலையில என் பாஸ்போர்ட்டை என் கையில கொடுத்து, "உன்னோடதை நீயே வச்சுக்க"ன்னாரு. எப்பவும் ரெண்டையும் அவரே வச்சுக்குவாரு. வயசாயிருச்சுல்ல, தொலைச்சுருவோம்னு பயம்.

அப்பா, நின்னுட்டான். புர்லியார். டீக்குப் பத்து நிமிஷம் நிப்பான். நீ இறங்கலையா? நானும் இறங்க மாட்டேன், இந்தக் கப்பை எதுல கழுவுறான்னு யாருக்குத் தெரியும்? இவரு இறங்கிட்டாரு பாரு, முதல் ஆளா. எதிர்ல மேல போற பஸ் நிக்குதே, அந்த டிரைவரும் இவருக்குத் தெரிஞ்சவன். கையை ஆட்டிக்கிட்டுப் போறாரு. இந்த டிரைவருக்கு ஒரு டீ, அந்த டிரைவருக்கு ஒரு டீ. ஏர்போர்ட்டுக்குப் போற ஆள் மாதிரியா இருக்கு? சிரிக்கறதைப் பாரு. பல்லு செட்டு விழுந்துரும்.

மங்குஸ்தான் வாங்கறாரு. எனக்குப் பிடிக்கும். ஏரோபிளேன்ல விடுவானான்னு யோசிக்க வேண்டாம்?

என்னங்க, இவ்வளவு எதுக்கு? கீழ போறதுக்குள்ள ரெண்டு பேரு தின்னு தீர்க்க முடியுமா? சரி, ஜன்னல் வழியாவே கொடுங்க. சீக்கிரம் ஏறுங்க, கண்டக்டர் டீயைக் குடிச்சுட்டான்.

சாவியா? என்ன சாவி?

வீட்டுச் சாவி இப்ப எதுக்கு உங்களுக்கு?

விளையாடாதீங்க. வந்து ஏறுங்க.

டிக்கெட் ஒண்ணுதான் போட்டீங்களா? எனக்கு மட்டுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா? விருந்து வச்சேனே, பக்கத்துலதானே நின்னீங்க, வாயில என்ன இருந்துச்சு?

மெதுவாப் பேசுங்க, இந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு.

முடியாதுன்னா என்ன அர்த்தம்? லெஸ்டர் ஜன்னல்ல அப்படி என்ன இருக்கு முடியாம போறதுக்கு? எத்தனை வருஷம் உட்கார்ந்தீங்க, அப்பல்லாம் முடிஞ்சுதே.

நானா? நான் இறங்கறதா?

பெட்டியை நீங்க இறக்கிருவீங்க, தெரியும். இறக்கிட்டு? மேல போற பஸ்ல ஏறி, அந்த மஞ்சள் கேட்டைத் தாண்டித்தானே போகணும்? இன்னைக்கு வியாழக்கிழமைங்க. எல்லாம் வாசல்லயே நிக்கும். மோரீன் நாலு மாசம் இருந்துட்டு வந்தா. நான் ஒரு டீ குடிக்கற நேரத்துல வந்து நிக்கறதா? சாயங்காலமே தட்டைத் தூக்கிட்டு வந்துருவா, வச்சுக்க கிருபான்னு. அந்த மூஞ்சிக்கு முன்னால என்னால நிக்க முடியாது. என்னால முடியாதுங்க.

நீங்க ஏறுங்க. டிக்கெட் ஏர்போர்ட்ல எடுத்துக்கலாம். ஏறுங்களேன்.

லெஸ்டர் வீட்ல நான் தனியா ஒரு ராத்திரி படுத்ததில்லையே.

சரி. இந்தாங்க சாவி. மாடி ரூம் ஜன்னல் கொண்டி சரியா விழாது, துணி வச்சு அடைங்க. மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்கு. கையை விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க. விடுங்கன்னு சொல்றேன்ல.

என்ன கண்டக்டர்? இல்லப்பா, அவர் வரல. போகலாம். விசிலைக் கொடு.

எஞ்சின் சத்தத்துல அவர் சொன்னது உனக்குக் கேட்டிருக்காதும்மா. கீசரை ஆஃப் பண்ண மறந்துட்டாராம். அப்படியே ஓடிக்கிட்டு இருக்குமாம். வீடு பத்திக்கிட்டா என்ன பண்றது, அதான் திரும்பிப் போறாரு. அணைச்சுட்டு அடுத்த வாரம் வந்துருவாரு. அவருக்கு எப்பவும் இப்படித்தான், ஒரு வேலையை முழுசா முடிச்சுட்டுக் கிளம்பத் தெரியாது. லெஸ்டர்ல யாரும் இப்படி மறக்க மாட்டாங்க.

அந்த பஸ்ஸும் கிளம்பிருச்சா? நீ பாத்துச் சொல்லு, நான் பாக்கல. டிரைவருக்குப் பின் சீட்லயா? ஆமா, அங்கதான் உட்காருவாரு.

நீ வேணும்னா இந்த ஜன்னல் பக்கம் வந்துக்க. எனக்கு வேண்டாம். வளைவு இன்னும் எத்தனை இருக்கு? பரவாயில்ல, இருக்கட்டும். அந்த எலுமிச்சம்பழத்தை இப்படிக் கொடும்மா கொஞ்சம்.